எந்த ரோல்பிளேயிங் கேம் எடுத்து நடத்துறது? முதல் தடவை ஜிஎம் ஆகப்போறவங்களுக்கு

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்னா என்னன்னு முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். ஒரு மேஜையைச் சுத்தி நாலஞ்சு பேரு, கொஞ்சம் பேப்பர், பென்சில், டைஸ், அவ்ளோதான் தேவை. அதுல ஒருத்தர் ஜிஎம், அதாவது கதையை நடத்துறவர், மத்தவங்க எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு கேரக்டர். "பழைய வீட்டு வாசல்ல நிக்கிறீங்க, கதவு பூட்டியிருக்கு, உள்ள யாரோ நடக்குற சத்தம் கேக்குது, என்ன பண்றீங்க?"ன்னு ஜிஎம் கேப்பாரு, நீங்க உங்க கேரக்டர் என்ன செய்யும்னு சொல்லுவீங்க, நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வர்ற இடத்துல டைஸ் உருட்டுவீங்க. கதை எங்க போய் முடியும்னு ஜிஎம் உட்பட அங்க உக்காந்திருக்கிற யாருக்கும் தெரியாது, இந்த விளையாட்டோட சுகமே அதுதான்.

இப்ப நீங்க ஜிஎம் ஆகணும்னு முடிவு பண்ணிட்டீங்க, நாலு பேரு ரெடியா இருக்காங்க, எந்த கேமை எடுக்கிறதுன்னு நெட்ல தேடுனா ஆளுக்கு ஒரு பேரு சொல்றாங்க, கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி இருக்கு. நிறைய பேரு இந்த இடத்துலயே களைச்சுப்போய் "சரி, எல்லாரும் ஆடுறதையே ஆடுவோம்"னு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எடுத்துடறாங்க. அது 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து கொண்டுவந்த கேம், இந்த வகையில கடைக்கு வந்த முதல் கேமே அதுதான், இன்னைக்கும் உலகத்துல ரொம்ப பேரு ஆடுறது அதுதான். தப்பான கேம் இல்ல, ஆனா உங்க குரூப்புக்கு சரியானதான்னு யோசிக்காம எடுக்கிறதுதான் பிரச்சனை. 1977லயே விண்வெளியில வியாபாரம் பண்ணிட்டு திரியிறதுக்கு டிராவலர் வந்தாச்சு, 1981ல திகிலுக்குன்னே கால் ஆஃப் துலு வந்தாச்சு, அதாவது "வேற மாதிரி ஆடணும்னா வேற கேம் எடு"ங்கிற எண்ணம் இந்த பொழுதுபோக்கு பிறந்து பத்து வருஷத்துக்குள்ளயே வந்துடுச்சு.

நான் இத்தனை நாள் ஆடி நடத்தி புரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான். அட்டைப்படத்துல டிராகன் இருக்கா ராக்கெட் இருக்கான்னு பார்த்து கேமை தேர்ந்தெடுக்காதீங்க, அந்த கேமோட ரூல்ஸ் பிளேயர்களை என்ன செய்ய வைக்குதுன்னு பாருங்க. ஒரு ரூல்புக்ல எந்த விஷயத்துக்கு பக்கம் பக்கமா விதி இருக்கோ, மேஜையில நேரமும் அதுக்குத்தான் போகும். சண்டைக்கு நூறு பக்கமும் பேச்சுக்கு ரெண்டு பக்கமும் இருந்தா, நீங்க எவ்ளோ ஆசையா அரண்மனை அரசியல் கதை ரெடி பண்ணி வச்சாலும் மூணாவது செஷன்ல (ஒரு தடவை உக்காந்து ஆடுறதைத்தான் செஷன்ம்பாங்க) எல்லாரும் வாளைத்தான் உருவுவாங்க, ஏன்னா அவங்க கையில இருக்கிற கேரக்டர் ஷீட்ல, அதாவது கேரக்டரோட திறமையெல்லாம் குறிச்சு வச்ச தாள்ல, எழுதியிருக்கிறது அதுதான்.

இதை ஒரு உதாரணத்தோட பாத்தாதான் மனசுல நிக்கும், மேல சொன்ன அந்த பூட்டின கதவையே எடுத்துக்குவோம். ஒரே கதவு, நாலு கேம்.

டிஎன்டில (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை அப்படித்தான் கூப்பிடுவாங்க) உங்க பார்ட்டில, அதாவது கேரக்டர்கள் கூட்டத்துல, ரோக்னு ஒரு திருட்டு வேலை தெரிஞ்ச ஆளு இருப்பான், பூட்டு திறக்கிற கருவி வச்சிருப்பான். 2014ல வந்த அஞ்சாவது எடிஷன் கணக்குப்படி சாதாரண பூட்டுக்கு 15 வேணும், ஆரம்ப நிலையில இருக்கிற ரோக்குக்கு கை வேகத்துக்கு 3, பயிற்சிக்கு 2ன்னு மொத்தம் 5 கூடுதலா இருக்குன்னு வைங்க, அப்ப 20 பக்க டைஸ்ல 10 இல்ல அதுக்கு மேல விழுந்தா போதும், அதாவது 55 சதவீத வாய்ப்பு. விழலைன்னா? பக்கத்துல நிக்கிற பார்பேரியன், அதாவது முரட்டு பலசாலி, "தள்ளு, நான் உடைக்கிறேன்"ம்பான். இங்க கதவுங்கிறது ஒரு தடை, அதை யாரோட திறமையால தாண்டுறோம்ங்கிறதுதான் கேள்வி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை, அவங்கவங்க ஜொலிக்க ஒரு நேரம். நாளாக ஆக லெவல் ஏறும், 1ல ஆரம்பிச்சு 20 வரைக்கும் போகலாம், இப்ப திணறுன கதவை பத்து லெவல் கழிச்சு மந்திரத்தால ஊதித்தள்ளுவீங்க.

அதே கதவு கால் ஆஃப் துலுல வந்தா மூடே மாறிடும். நீங்க அங்க வீரன் இல்ல, ஒரு பத்திரிகைக்காரர், நூலகர், டாக்டர் மாதிரி சாதாரண ஆளு. திறமை எல்லாமே சதவீதம்தான், பூட்டு திறக்கிறது தனியா கத்துக்காத ஆளுக்கு அடிப்படையா 1 சதவீதம்தான் இருக்கும். கொஞ்சம் கத்துக்கிட்டு 40 வச்சிருக்கீங்கன்னா நூறு வரைக்கும் வர்ற டைஸ்ல 40க்குள்ள விழணும். விழலைன்னா ஏழாவது எடிஷன்ல ஒரு வாய்ப்பு இருக்கு, இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம், ஆனா இந்த முறை கூடுதலா என்ன பண்றீங்கன்னு சொல்லணும், "கம்பியை உள்ள விட்டு பலமா நெம்புறேன்"னு. அதுவும் தோத்தா ஜிஎம் உங்களுக்கு மோசமா ஒண்ணு நடத்துவாரு, உள்ள நடந்துட்டிருந்த அந்த சத்தம் நிக்கும். நான் நடத்துன ஒரு செஷன்ல இந்த ரெண்டாவது உருட்டலுக்கு முன்னாடி மேஜையில மூணு நாலு நிமிஷம் யாரும் பேசல, உருட்ட வேண்டியவரு டைஸை கையில வச்சுக்கிட்டு மத்தவங்க மூஞ்சியை மாத்தி மாத்தி பாத்துட்டிருந்தாரு. டிஎன்டில கதவு திறக்கும்போது அப்படி ஒரு அமைதி எனக்கு கிடைச்சதே இல்ல. மனநிலைக்குன்னு தனியா சானிட்டின்னு ஒரு எண் வேற இருக்கும், பாக்கக்கூடாததை பாக்கப் பாக்க குறைஞ்சுட்டே வரும், இந்த கேம்ல ஆளு வளர்றதை விட தேயுறதுதான் அதிகம்.

மூணாவது, பிளேட்ஸ் இன் த டார்க், ஜான் ஹார்ப்பர் எழுதினது, 2017ல புக்கா வந்துச்சு. நீங்க எல்லாரும் ஒரு திருட்டுக் கும்பல். இதுல 6 பக்க டைஸ் சிலதை உருட்டி அதுல பெருசை மட்டும் எடுத்துக்குவீங்க, 6 வந்தா சுத்தமா முடிஞ்சுது, 4 இல்ல 5 வந்தா கதவு திறக்கும் ஆனா கூடவே ஒரு சிக்கலும் வரும், 3க்குள்ள வந்தா காரியமும் கெடும் சிக்கலும் வரும். அந்த நடு முடிவுதான் இந்த கேமோட உயிரே, கதவு திறந்துச்சு ஆனா காவல்காரன் திரும்பிப் பார்த்துட்டான், இப்ப என்ன பண்றீங்க? அதை விட எனக்கு பிடிச்சது ஃப்ளாஷ்பேக், "நேத்தே இந்த வீட்டு வேலைக்காரனைப் பார்த்து காசு கொடுத்து தாழ்ப்பாளை எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்"னு இப்ப இந்த நிமிஷம் சொல்லலாம், அதுக்கு ஸ்ட்ரெஸ்னு ஒரு கணக்குல இருந்து கொஞ்சம் செலவு பண்ணணும். அதனால ஒரு மணி நேரம் உக்காந்து திட்டம் போட வேண்டிய அவசியமே இல்ல, நேரா காரியத்துல இறங்கிடலாம். திட்டம் போட்டே செஷன் முடிஞ்சுபோற குரூப் உங்களுதுன்னா இதை கண்டிப்பா ஒரு தடவை பாருங்க.

நாலாவது ட்ரெட், அதுல டைஸே கிடையாது. மரக்கட்டை அடுக்கின ஜெங்கா கோபுரம் நடுவுல இருக்கும், கதவைத் திறக்கணும்னா ஒரு கட்டையை உருவி மேல வைங்க. கோபுரம் சரிஞ்சா உங்க கேரக்டர் அத்தோட கதையை விட்டுப் போயிடும். முதல் ஒரு மணி நேரம் சிரிச்சுப் பேசிட்டே உருவுறவங்க கடைசி ஒரு மணி நேரம் மூச்சைக்கூட அடக்கிட்டு உருவுவாங்க.

நாலுலயும் கதவு ஒண்ணுதான், ஆனா உங்க மேஜையில நடந்தது நாலும் வேற. எது உசத்தின்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல, உங்க குரூப்புக்கு இதுல எந்த உணர்வு வேணும்ங்கிறதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க அவங்ககிட்ட "என்ன கேம் ஆடலாம்?"னு கேக்காதீங்க, புதுசா வர்றவங்களுக்கு எந்தப் பேரும் தெரியாது, தெரிஞ்ச ஒருத்தர் சொல்றதுக்கு மத்தவங்க தலையாட்டிடுவாங்க. நான் ஒரு தடவை அப்படித்தான் மாட்டிக்கிட்டேன், நாலு பேரும் "ஹாரர் ஓகே"ன்னு சொன்னாங்கன்னு ரெண்டு வாரம் உக்காந்து ஒரு திகில் கதை தயார் பண்ணுனேன், வந்து உக்காந்த பத்தாவது நிமிஷத்துல ஒருத்தர் பேய்க்கு செல்லப்பேரு வச்சாரு, எல்லாரும் சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதுக்கப்புறம் பயம்ங்கிற பேச்சே இல்ல. அன்னைக்கு எனக்கு ரொம்ப வருத்தமாதான் இருந்துச்சு. ஆனா அவங்க மேல தப்பு இல்ல, வாரம் பூரா வேலை பாத்துட்டு வந்தவங்களுக்கு சிரிக்கணும்னு இருந்திருக்கு, நான் அதைக் கேக்கவே இல்ல.

அதனால இப்ப நான் கேக்குறது இப்படி: "நீங்க இருக்கிற மாதிரி ஒரு சீன் சொல்லுங்க, அதுல நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?" ஒருத்தர் "பெரிய பூதத்தோட கழுத்துல ஏறி குத்துறேன்"ம்பாரு, இன்னொருத்தர் "ராஜாவை பேசியே ஏமாத்துறேன்"ம்பாரு, இன்னொருத்தர் "எங்க ஊரைச் சுத்தி ஒரு மதில் கட்டுறேன்"ம்பாரு. இந்த பதில்கள்ல வர்ற வினைச்சொற்களை மட்டும் தனியா எழுதிப் பாருங்க, குத்துறது, ஏமாத்துறது, கட்டுறது. எந்த கேமோட ரூல்ஸ் இந்த வினைச்சொற்களுக்கு அதிகமா இடம் கொடுக்குதோ அந்தப் பக்கம் போங்க. நாலு பேரும் நாலு திசையில இழுத்தா, ரெண்டு மூணு பேருக்கு பொதுவா வர்றதை முதல்ல எடுத்துட்டு மத்தவங்களுக்கு அடுத்த தடவைன்னு வெளிப்படையா சொல்லிடுங்க.

கேட்க வேண்டிய இன்னொண்ணு, உங்க கேரக்டர் செத்துப்போனா உங்களுக்கு பரவாயில்லையா? இதை யாரும் கேக்கறதில்ல, ஆனா இதுல மனஸ்தாபம் வந்து உடைஞ்ச குரூப் உண்டு. பழைய பாணி கேம்கள்ல சாவு சர்வ சாதாரணம், கெய்ர்ன், மவுஸ்ரிட்டர் மாதிரி கேம்கள்ல அடி படுமா படாதான்னு உருட்டுறதே கிடையாது, அடிச்சா பட்டுதுதான், எவ்ளோ பலமான்னு மட்டும்தான் டைஸ், அதனால சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் பத்து தடவை யோசிப்பாங்க. இன்னொரு ஓரத்துல டேல்ஸ் ஃப்ரம் த லூப், 1980கள் மாதிரி ஒரு உலகத்துல நீங்க எல்லாரும் 10ல இருந்து 15 வயசு பசங்க, ரூல்ஸ்லயே எழுதியிருக்கு, பசங்க சாக மாட்டாங்க. காயம் படும், பயம் வரும், வீட்டுல மாட்டிக்குவாங்க, ஆனா உயிர் போகாது. தன் கேரக்டர் மேல உசிரையே வச்சிருக்கிற ஒருத்தரை முதல் வகை கேம்ல உக்கார வச்சீங்கன்னா அவரு ரெண்டாவது தடவை வரமாட்டாரு.

ஆள் எண்ணிக்கையும் நேரமும் சீக்கிரமா முடிவு பண்ணிடலாம். நாலு பேருக்கு ஒரு ஜிஎம்ங்கிறது பெரும்பாலான கேமுக்கு சரியா வரும். ரெண்டு மூணு பேருதான்னா த கொயட் இயர் இருக்கு, 2ல இருந்து 4 பேரு ஆடலாம், சீட்டுக்கட்டுல ஒரு சீட்டுக்கு ஒரு வாரம்னு ஒரு கிராமத்தோட ஒரு வருஷத்தை எல்லாரும் சேர்ந்து மேப் வரைஞ்சுகிட்டே சொல்லணும், ஜிஎம்மே வேண்டாம். ஃபியாஸ்கோக்கும் ஜிஎம் வேண்டாம், 3ல இருந்து 5 பேரு, ஒரே சாயங்காலத்துல ஆரம்பிச்சு முடிஞ்சுடும், பேராசைக்காரங்க போட்ட திட்டம் எப்படி நாசமாப் போச்சுங்கிறதுதான் கதை. எல்லாராலயும் வாராவாரம் வரமுடியுமா, மாசத்துக்கு ஒரு தடவைதானா? மாசத்துக்கு ஒரு தடவைதான்னா பல செஷனுக்கு தொடர்ந்து போற நீளமான கேம்பெய்ன் எடுக்காதீங்க, போன தடவை என்ன நடந்துச்சுன்னு ஞாபகப்படுத்தவே அரை மணி நேரம் போயிடும், ஒரே உட்காரல்ல முடியிற ஒன்-ஷாட் எடுங்க.

இனி உங்களைப் பத்தி, அதாவது ஜிஎம்மைப் பத்தி. குரூப்புக்கு என்ன வேணும்னு கேக்குறதுலயே நிறைய பேரு தன்னை மறந்துடறாங்க. ரூல்ஸ் படிக்கப்போறது நீங்க, தயார் பண்ணப்போறது நீங்க, மத்தவங்க வந்து உக்காரப்போறாங்க, அதனால உங்களுக்கு உள்ளூர ஆசை இல்லாத கேமை குரூப்புக்காகன்னு எடுத்தா நாலாவது செஷன்ல உங்களுக்கே சலிச்சுப்போகும், ஜிஎம்முக்கு சலிச்சா அது மேஜை முழுக்க தெரிஞ்சுடும். டிஎன்டின்னா அடிப்படையா மூணு தடி புக், பிளேயருக்கு ஒண்ணு, ஜிஎம்முக்கு ஒண்ணு, பூதங்களுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் முழுசா படிக்கணும்னு இல்ல, ஸ்டார்ட்டர் செட் வச்சு ஆரம்பிக்கலாம், ஆனாலும் சண்டைக்கு சண்டை எதிரிகளோட கணக்கை எல்லாம் நீங்கதான் பாக்கணும். கணக்கும் தந்திரமும் பிடிச்ச ஆளுன்னா அது சொர்க்கம், அப்படிப்பட்டவங்களுக்கு பாத்ஃபைண்டர் ரெண்டாவது எடிஷன் இன்னும் பிடிக்கும். அப்பப்ப யோசிச்சு பேசுறதுதான் உங்க பலம்னா அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழியில வந்த கேம்களைப் பாருங்க, 2010ல வந்த கேம் அது, ரெண்டு 6 பக்க டைஸ், 10 இல்ல அதுக்கு மேல வந்தா நல்ல வெற்றி, 7ல இருந்து 9 வரைக்கும் வெற்றி ஆனா ஏதோ விலை கொடுக்கணும், 6க்குள்ள வந்தா ஜிஎம் ஏதாவது ஒண்ணை அவுத்து விடுவாரு. அதுல ஜிஎம் டைஸ் உருட்டுறதே இல்ல, முன்கூட்டியே கதை எழுதி வைக்கவும் வேண்டாம்னு புக்லயே சொல்லியிருக்கும்.

காசைப் பத்தி கவலைப்பட்டு நின்னுடாதீங்க. டிஎன்டியோட அடிப்படை ரூல்ஸை 2023 ஜனவரில கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கிற, யாரும் இலவசமா எடுத்துக்கலாம்ங்கிற உரிமத்துல திறந்து விட்டுட்டாங்க, பாத்ஃபைண்டர் ரூல்ஸ் இணையத்துல இலவசமா படிக்கலாம், கால் ஆஃப் துலுவுக்கு ஒரு கதையோட சேர்ந்த இலவச ஆரம்பப் பதிப்பே இருக்கு, கெய்ர்னும் இலவசம்தான். இன்னும் சின்னதா வேணும்னா லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்னு ஒரே ஒரு பக்க கேம். அதுல உங்க கேரக்டருக்கு ஒரே ஒரு எண்தான், 2ல இருந்து 5க்குள்ள. அறிவை வச்சு ஏதாவது பண்ணணும்னா அந்த எண்ணுக்குக் கீழ உருட்டணும், மனசை வச்சு பண்ணணும்னா மேல உருட்டணும், ஒண்ணுல கெட்டிக்காரனா இருந்தா இன்னொண்ணுல திணறுவீங்க, சரியா அதே எண் விழுந்தா ஜிஎம்கிட்ட ஒரு கேள்வி கேட்டு உண்மையான பதிலை வாங்கலாம். ஒரே ஒரு எண்ணுல ஒரு ஆளோட குணத்தையே வச்சுட்டாரு பாருங்க, இதை எழுதினதும் அதே ஜான் ஹார்ப்பர்தான். முதல் தடவை ஜிஎம் ஆகப்போறவங்களுக்கு பயம் தெளியிறதுக்கு இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல.

ஒரு விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் அழுத்தமாவே சொல்லுவேன். ஏற்கனவே டிஎன்டி தெரியும்ங்கிறதுக்காக அதை வச்சே துப்பறியும் கதை, பள்ளிக்கூடக் கதை, விண்வெளித் திகில் எல்லாத்தையும் ஓட்டாதீங்க. ரூல்ஸை மாத்தி மாத்தி ஒட்டுப்போடுற நேரத்துல ஒரு சின்ன கேமை முழுசா கத்துக்கிட்டுடலாம். விண்வெளித் திகில்தான் வேணும்னா 2019ல வந்த ஏலியன் கேம்ல பாருங்க, பயம் ஏற ஏற உங்க கைக்கு டைஸ் கூடுது, அதனால ஜெயிக்கிற வாய்ப்பும் கூடுது, ஆனா அந்த கூடுதல் டைஸ்ல 1 விழுந்தா பதறிப்போய் என்ன பண்றோம்னு தெரியாம எதையோ பண்ணிடுற அபாயம் இருக்கு. இப்படி ஒரு தவிப்பை 20 பக்க டைஸ்ல ஒட்டவச்சு கொண்டுவர முடியாது.

சரி, ரெண்டு மூணு கேம் மனசுல வந்தாச்சுன்னு வைங்க. குரூப்ல கேக்கும்போது பேரையும் ரூல்ஸையும் சொல்லாதீங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி சொல்லுங்க: "நீங்க திருடங்க, இன்னைக்கு ராத்திரி ஒரு பிரபுவோட பெட்டகம்", "நீங்க எலிங்க, வெளிய பூனை இருக்கு". எதுக்கு யாரு நிமிர்ந்து உக்காந்தாங்கன்னு பாருங்க, வாயால சொல்ற ஓட்டை விட அது நம்பகமான பதில். முடிவானதும் ஆடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை சும்மா உக்காந்து பேசுங்க, இதைத்தான் செஷன் ஜீரோன்னு சொல்லுவாங்க, கேரக்டர் உருவாக்குறது, கதை எந்த டோன்ல போகணும், எந்த விஷயம் கதையில வரவே கூடாது (ஒருத்தருக்கு சிலந்தி, ஒருத்தருக்கு குழந்தைகளுக்கு ஆபத்து), இதெல்லாம் அங்கயே பேசிடணும். நடுவுல யாருக்காவது சங்கடமா ஆனா காரணம் சொல்லாமலே தொட்டு நிறுத்துறதுக்கு ஒரு அட்டையில எக்ஸ் போட்டு மேஜை நடுவுல வைக்கிற பழக்கமும் இருக்கு, திகில் கேம் நடத்தப்போறீங்கன்னா அந்த அட்டையை வைக்காம ஆரம்பிக்காதீங்க. நான் வச்ச அட்டையை இதுவரைக்கும் ரெண்டே தடவைதான் தொட்டிருக்காங்க, ரெண்டு தடவையும் அது அங்க இருந்ததுக்கு நான் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் முதல்ல ஒரே ஒரு ஒன்-ஷாட். ஒரு வருஷத்துக்கு கதை யோசிச்சு வச்சிருந்தாலும் அதை அப்படியே வைங்க, முதல்ல மூணு மணி நேரம் ஆடிப்பாருங்க. முடிஞ்சதும் "நல்லா இருந்துச்சா?"ன்னு கேட்டா எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க, அதனால ரெண்டு கேள்வி வேற மாதிரி கேளுங்க: எந்த இடத்துல "இன்னும் கொஞ்சம் நேரம் இப்படியே போகட்டும்"னு தோணுச்சு, எந்த இடத்துல உங்க முறைக்காக சும்மா காத்துட்டிருந்தீங்க? அஞ்சு பேர்ல மூணு பேரு சண்டை நேரத்துல காத்துட்டிருந்தேன்னு சொன்னா அடுத்த தடவைக்கு சண்டை ரூல்ஸ் கம்மியா இருக்கிற கேமை எடுங்க, அந்த கேரக்டர்களை பேரோட குணத்தோட அப்படியே புது ஷீட்டுக்கு மாத்திக்கலாம், ஒரு சாயங்காலம்தான் ஆகும்.